முருகானந்தம் கொடுத்த நற்சான்று

பெங்காலிக்காரர்கள் நடுவே, லேக் மார்க்கெட்டில் இருக்கும் முருகானந்தத்தின் டிபன் கடைக்கு நாற்பது வருஷமாகப் பெயர்ப் பலகை கிடையாது. பலகை வைத்தால் துர்கா பூஜைக்குச் சந்தா கேட்பவனுக்குப் பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்தவனிடம் இல்லையென்று சொல்வது கஷ்டம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் ஒரு கடிதம் கையெழுத்துக் கேட்டு வந்தது.

கேட்டது அவர் மகன் விவேக். அக்காளைப் பார்க்க விசிட்டர் விசாவில் நியூசிலாந்து போனவன், அங்கே ஒரு கடையில் தோசை தின்னப் போய், அந்த முதலாளியிடமே வேலையும் கேட்டுவிட்டான். அவரும் சரியென்றார். இனி விசிட்டர் விசாவை வேலை விசாவாக மாற்ற வேண்டும். இவன் முன்பே சமையல் வேலை பார்த்தவன்தான் என்று பழைய முதலாளி எழுதித் தர வேண்டும். பழைய முதலாளி அப்பாதான். விசா மாறாவிட்டால் இந்த மாசக் கடைசியில் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. முருகானந்தம் படித்தது மூணாங்கிளாஸ். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பேங்க் ஆபீசர் வெங்கடநாராயணனிடம் நீட்டி, அர்த்தம் சொல்லச் சொன்னார்.

"ஆறு வருஷம் தலைமைச் சமையல்காரராக, மிகுந்த திறமையோட..."

"நிறுத்தும். யாரு, விவேக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"சட்டினியில உப்பு இருக்கான்னு சாப்பிட வந்தவங்ககிட்ட கேட்டவன்யா அவன்!"

மனைவி ஜானகி பேனாவைக் கையில் திணித்தாள். "கையெழுத்தைப் போடுங்க. அவன் திரும்பி வந்து மறுபடியும் தோசைக்கல் முன்னால நிக்கட்டுமா?"

முருகானந்தம் யோசித்தார். விவேக் போன பிறகுதான் பக்கத்துப் பாலிகஞ்ச் பேட்டை வாடிக்கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டார். 'திறமை'யை மட்டும் அடித்துவிடச் சொன்னார். வெங்கடநாராயணன் அடிப்பதுபோலப் பேனாவை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

பத்து நாள் கழித்து, காலைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போன் அடித்தது. ஜானகி கீரை வாங்கப் போயிருந்தாள். புது நம்பர், ரொம்ப நீளம், அறுபத்து நாலில் ஆரம்பித்தது. முருகானந்தம் உஷாரானார். போன மாசம்தான் பக்கத்து மிட்டாய்க் கடை நிதாய் தாதாவுக்கு (தாதா என்றால் பெங்காலியில் அண்ணன்), உன் பையன் போலீசில் மாட்டிக்கொண்டான் என்று ஒரு போன் வந்தது. தாதா அழுதார், கெஞ்சினார், கேட்டதையெல்லாம் அனுப்பினார். பையன் அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வணக்கம் ஐயா," என்றது ஒரு பெண் குரல். "நான் மொழிபெயர்ப்பாளர். நியூசிலாந்து விசா அலுவலர் உங்களோட கதைக்க வேணுமாம். உங்கட மகன் விவேக்கைப் பற்றி."

இவ்வளவு மரியாதையாக எந்த அரசாங்க ஆபீஸ் பேசியிருக்கிறது? திருட்டுக் கும்பலேதான். மகன்மேல் பாசத்தைக் காட்டினால்தானே பணம் பிடுங்குவார்கள்?

"எந்த விவேக்? அந்தத் தண்டமா?"

அந்தப் பக்கம் இங்கிலீஷில் ஏதோ பேச்சு நடந்தது.

"அவர் உங்கட கடையில எவ்வளவு காலம் வேலை செய்தவர்?"

"ஆறு வருஷம். அதை வேலைன்னு சொன்னா வேலைக்கே கோபம் வரும்."

"என்ன வேலை ஐயா?"

"தோசைக்கல். அஞ்சரைக்கு வரணும், ஆறரைக்கு வருவான். ஒரு நாளைக்கு முன்னூறு தோசை. முதல் இருபது முழுசா வந்ததே இல்ல. பிஞ்சதையெல்லாம் உதிர்த்து, தாளிச்சு, உப்புமான்னு வித்துட்டான். ஊறாத அரிசியைப் போட்டு ரெண்டு கிரைண்டர் மோட்டாரைக் கொன்னான். துர்கா பூஜை சப்தமி அன்னிக்கு, கடை கொள்ளாத கூட்டம், சாம்பார்ல புளியை மறந்துட்டு வெல்லத்தை அள்ளிப் போட்டான். பெங்காலிக்காரங்க நல்லா இருக்குன்னு ரெண்டாம் தடவை கேட்டாங்க. எனக்கு மானம் போச்சும்மா!"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி அடக்கிக்கொண்டாள்.

"அவரைத் திரும்பவும் எடுப்பீங்களா?"

இதோ வந்துவிட்டது கொக்கி.

"ஒத்தைப் பைசா தரமாட்டேன். நீங்களே வச்சுக்கோங்க!"

போனை வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தார். ஜானகி வந்ததும் நடந்ததைச் சொன்னார். "நிதாய் தாதா ஏமாந்தான். நான் யாரு?"

ஜானகி கீரையைக் கீழே போட்டாள். "அட பாவி மனுஷா! அறுபத்து நாலுன்னா நியூசிலாந்து. அது நெசமாவே விசா ஆபீஸ். போன் வரும்னு விவேக் காலையிலதான் சொன்னான். கீரையை வாங்கிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

நாலு நாள் அவள் அவரோடு பேசவில்லை. முருகானந்தம் நல்ல தோசைக்கல்லை எடுத்துப் பரண்மேல் ஒளித்து வைத்தார். கிரைண்டர் மோட்டாருக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று வெங்கடநாராயணனிடம் விசாரித்தார்.

ஐந்தாம் நாள் விவேக் கூப்பிட்டான்.

"அப்பா, வேலை விசா கிடைச்சிடுச்சு!"

"என்னடா சொல்றே?"

"கடிதத்தை அவங்க நம்பவே இல்லப்பா. அப்பா கடை, அப்பா கையெழுத்து, தலைமை, திறமை, எல்லாம் டூப்புன்னு நெனச்சாங்களாம். உங்ககிட்ட பேசின பிறகுதான் சந்தேகம் தீர்ந்துச்சாம். பக்கத்திலேயே ஆறு வருஷம் நின்னு பார்க்காதவரால இப்படித் திட்ட முடியாதுன்னு அந்த ஆபீசரே சொன்னார். ஆனா சப்தமி சாம்பாரையும் சொல்லணுமாப்பா? இங்க முதலாளி காது வரைக்கும் போயிடுச்சு. நான் தோசை மட்டும்தான் போடணுமாம். சாம்பார்ப் பக்கமே போகக் கூடாதாம்."

"நல்ல முதலாளி," என்றார் முருகானந்தம்.

ஜானகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் காபி கொண்டுவந்தாள், ஐந்து நாளில் முதல் காபி. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"இன்னும் என்ன?"

"இல்லடி, முகம் தெரியாத ஒரு கிழவன் போன்ல சொன்னதை ஒரு அரசாங்கமே அப்படியே நம்பிடுச்சு பாரு. நிதாய் தாதாகிட்ட பேசின பயலுக அங்க ஒரு போன் போட்டா நாட்டையே எழுதிக் குடுத்துடுவாங்க போல. அந்த அறுபத்து நாலு நம்பரை எடு. ஜாக்கிரதையா இருக்கச் சொல்லி வைக்கிறேன்."