இருபத்திரண்டு பேர் பார்த்த வாசல்

ரசீதின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பத்தமடையில் இருக்கும் அவன் வீட்டு வாசல் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வட்டம். இரண்டு நொடி வாசலைக் காட்டும், மறுபடியும் சுற்றப் போய்விடும். ஷார்ஜாவில் அவன் வேலை பார்க்கும் கிட்டங்கியின் பின்பக்கம், ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே வெறித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். பெட்டி தூக்கச் சொல்லியிருந்தாலாவது கைக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும்.

விடியற்காலைத் தொழுகை நேரத்தில் அவனுடைய வாப்பா காஜா முகைதீன் மவுத்தாகிவிட்டார். லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. கிடைத்த முதல் விமானத்தில் ஏறினாலும் ரசீத் ஊர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். இந்த வெயிலில் மையத்தை, வாப்பாவின் உடலை, அதுவரை வைத்திருங்கள் என்று கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. "எனக்காக வைக்காண்டாம், அடக்கிருங்க" என்று தம்பி சல்மான் ஃபாரிஸிடம் அவனேதான் சொன்னான். போனை வைத்த பிறகுதான், தான் சொன்னது இன்னதென்று அவனுக்கே உறைத்தது.

இனி அவனுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. வாப்பாவைச் சுமந்துகொண்டு சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தம்பியை போனில் காட்டச் சொல்லலாமே என்றால், மையத்துக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களைக் கண்டாலே வாப்பாவுக்கு ஆகாது. "எம் மவுத்துல எவனாவது படம் புடிச்சான்னா எந்திரிச்சு வந்து அறைவேன்" என்று சொன்னவர். அன்றைக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லை மீற ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. வாசல் கேமராவோ தன்பாட்டுக்கு நிற்கிறது. அதை யாரும் கையில் பிடிக்கவில்லை, அதனால் யார் மேலும் குற்றம் இல்லை.

கேமராவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட வைத்தவன் ரசீத். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் காசிலிங்கம் அண்ணாச்சி வந்து மாட்டிக் கொடுத்தார். வாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாக்கணும்னா பாத்துக்கோ. வீட்டுக்கு வந்து போற பொம்பளையளப் பதிஞ்சு மட்டும் வைக்கக் கூடாது." அதனால் பதிவு செய்யும் டிஸ்க்கே இல்லாமல் மாட்டினார்கள். நடப்பது நடக்கும்போது தெரியும், அப்புறம் தேடினாலும் கிடைக்காது. நிபந்தனை போட்ட அதே வாப்பாதான் பிறகு தினமும் லுஹருக்குப் போகும்போது கேமராவுக்கு அடியில் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அண்ணாந்து பார்த்து, "ரசீது, போயிட்டு வாரேன்" என்பார். ரசீத் பார்க்கிறானா, பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறானா என்பதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்குவார்.

ரசீத் நல்ல பிள்ளையாக இதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை விடவில்லை. தங்கை மர்வா கல்யாணத்தின்போது, வர முடியாதவர்கள் வாசல் பந்தலையாவது பார்க்கட்டும் என்று, கேமராவைத் திறக்கும் கியூ.ஆர். கட்டத்தை குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போட்டுவிட்டான். தம்மாமில் சாச்சா, தோஹாவில் மச்சான்மார், கோலாலம்பூரில் மாமி வீட்டுக்காரர்கள் எல்லாரும் நுழைந்தார்கள். கல்யாணம் முடிந்தும் ஒருவரும் வெளியே போகவில்லை. ஊர் நினைப்பு வந்தால் ரசீத் வீட்டு வாசலைத் திறந்து பார்ப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. "ஏலே, வாசல்ல மீன்காரன் நிக்கான், ஒங்க உம்மா எங்கன போயிட்டா" என்று சாச்சா தம்மாமிலிருந்து ஷார்ஜாவுக்குப் போன் போட்டுக் கேட்பார்.

சல்மான் கூப்பிட்டான். "குளிப்பாட்டியாச்சு காக்கா. கபன் துணி சுத்தியாச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல தூக்கிருவோம். நான் இப்ப வாசல்லதான் நிக்கேன், தெரியுதா?"

ரசீத் படத்தைப் பார்த்தான். வாசலில் சல்மான் இல்லை. யாரோ இருவர் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல்லியே."

"நாக்காலி எறக்கி அஞ்சு நிமிஷமாச்சே" என்றான் சல்மான். உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "போனை உம்மாகிட்ட குடுத்துட்டுப் போறேன் காக்கா. நான் முன்னால தூக்கணும்." அதோடு தொடர்பு போய்விட்டது. பிறகு கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

ரசீத் எண்ணைத் தேடினான். காசிலிங்கத்தைக் கூப்பிட்டான்.

"கேள்விப்பட்டேன் பாய். நல்ல மனுசன்" என்றார் காசிலிங்கம் கடையிலிருந்து. "சொல்லுங்க, என்ன செய்யுது?"

"நின்னு நின்னு வருது அண்ணாச்சி. இப்ப நடக்கது அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தெரியுது."

"பதறாதீங்க, பைய செய்வோம். மேல எச்.டி.ன்னு இருக்கும், அதைத் தொட்டு எஸ்.டி. ஆக்குங்க. தெளிவு கொறையும், ஓட்டம் கூடும்."

ஆக்கினான். வட்டம் நின்றபாடில்லை.

"வைஃபை பெட்டிய ஒரு தடவை அணைச்சுப் போடச் சொல்லலாமா?"

பெட்டி உள் அறையில் இருக்கிறது. உள் அறையில் உம்மா அலிமா பீவியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்கிறார்கள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் உம்மா உட்கார்ந்தாயிற்று. எந்த ஆண்பிள்ளை இப்போது அங்கே நுழைந்து ஸ்விட்ச்சைத் தேடுவான்? "முடியாது அண்ணாச்சி" என்றான் ரசீத்.

காசிலிங்கம் தன் கடைக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"பாய், ஒங்க வாசலை இப்ப எத்தனை பேரு பாக்காங்க தெரியுமா? இருவத்திரெண்டு பேரு. ஒவ்வொருத்தருக்கும் அந்தப் பெட்டி தனித்தனியாப் படம் அனுப்பணும். வாய்க்கா ஒண்ணு, மடை இருவத்திரெண்டுன்னா தண்ணி எங்கன பாயும்? போறாததுக்கு வந்த கூட்டத்து போனெல்லாம் அந்த வைஃபையிலதான் கெடக்கும். படம் வராம இல்ல, வரிசையில நிக்கி. ஆளைக் கொறைங்க."

ரசீத் பட்டியலைத் திறந்தான். சாச்சாவின் பெயர் முதலில் இருந்தது. வாப்பாவுக்குக் கூடப் பிறந்தவர், அவராலும் வர முடியவில்லை. பெயரைத் தொட்டதும், நீக்கவா என்று கேட்டது. இதை இவ்வளவு மரியாதையாகக் கேட்க வேண்டுமா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. நீக்கினான். தோஹா மச்சான்மார் மூன்று பேரை நீக்கினான். ஒவ்வொரு தடவையும் கேட்டது, ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றான். ஒவ்வொருவரும் தங்கள் அறையில் உட்கார்ந்து, திடீரென்று இருண்ட போனைத் தட்டிப் பார்ப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. வாப்பாவின் ஜனாஸா ஊர்வலத்திலிருந்து சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே தள்ளினான்.

கடைசியில் அவனும் மர்வாவும் மட்டும் மிஞ்சினார்கள். மஸ்கட்டில் இருக்கிறாள். எட்டு மாதக் கர்ப்பம், விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாப்பாவுக்குச் செல்லமும் அவள்தான்.

படம் இப்போது நகர்ந்தது. ஓரத்தில் நேரம் 12.16 என்று காட்டியது. ஊரில் 12.20. வாசலில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். நடுவில் வழி விட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து, சந்தூக்கின் மேல் போர்த்திய பச்சைத் துணியின் ஓரம் ஒரு சாண் வெளியே தெரிந்தது. அதன் பக்கத்தில் சல்மானின் தோள்.

வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, வந்துட்டாங்க, நின்னுபோச்சு."

"இன்னும் யாரு இருக்கா?"

"தங்கச்சி மட்டும்."

"ஒருத்தர்னா நிக்காம ஓடும் பாய்." அவர் குரலிலும் அவசரம் தொற்றியிருந்தது.

அல்லாஹ் மன்னிப்பான், மர்வாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ரசீத் அவள் பெயரைத் தொட்டான். நீக்கவா என்று கேட்டது. ஆமாம்.

படம் சட்டென்று தெளிந்தது. இலை அசைந்தது, நிழல் அசைந்தது, ஒன்றும் நிற்கவில்லை. ஓரத்தில் நேரம் 12.21. ஊரிலும் 12.21. வாசலில் யாரும் இல்லை. காலி நாற்காலிகள் கிடந்தன. தெருக்கோடியில் வெள்ளைச் சட்டைகளின் கடைசி வரிசை பள்ளிவாசல் பக்கம் திரும்பி மறைந்தது.

"அண்ணாச்சி, பச்சைத்துணி தெரிஞ்சுதே. அது எங்க?"

காசிலிங்கம் மறுபடியும் எதையோ தட்டிப் பார்த்தார். "வரிசையில நின்னதையெல்லாம் விட்டுட்டு இந்த நிமிஷத்துக்குத் தாவிட்டு பாய். சரியாச்சுன்னா அப்படித்தான் தாவும். அவசரத்துல நான் அதை யோசிக்கல்லியே."

"பின்னால போய்ப் பாக்க முடியாதா?"

"டிஸ்க் போடல்லையே பாய்."

ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் நான்கு நிமிஷம் தாமதமாகவாவது வாப்பா வந்திருப்பார். நின்று நின்றாவது வந்திருப்பார். ரசீத் போனை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் காட்டாமல் தள்ளிப் போனார்கள்.

மர்வா கூப்பிட்டாள். எடுக்காமல் விடவும் முடியவில்லை.

"காக்கா, பச்சைத்துணி தெரிஞ்சுது. அதோட எனக்குக் கட்டாயிட்டு. எவ்வளவு தட்டியும் வரல்ல. நீங்க பாத்தீங்களா?"

ரசீத் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தேம்மா."

"கேமராக்கு அடியில வாப்பா கொஞ்சம் நின்னாங்களா? தெனமும் நிப்பாங்கள்ல."

"நின்னாங்க."

மர்வா அழுதாள். அழுகைக்கு நடுவே, "அது போதும் காக்கா. நம்மள்ல ஒருத்தராவது பாத்தோமே" என்றாள்.

ரசீத் போனைக் காதிலிருந்து இறக்கினான். மடியில் இருந்த போனில் வாசல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வந்து காலி நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அதன்பிறகு அந்தப் படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.