வால் வெளியே

“எழுதினவங்க இடத்துல ஒரே பேரு இருந்தாத்தான் எடுபடும்னு கம்பெனியில சொல்றாங்க. அடுத்த ரெக்கார்டுல உன் பேரைப் போட்டுடலாம். என்ன?”

“சரிங்க.”

“கோவமா?”

“இதுல என்ன கோவம்? அடுத்ததுலதான் போடப்போறீங்களே.”

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், இசைத்தட்டின் அட்டை அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், மாடிப்படியில் நின்றபடி கணவரும் அவளும் பேசியது அவ்வளவுதான். அடுத்த ரெக்கார்டு வரவே இல்லை. கணவரின் ராக் குழு சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியது. ஆனால் அந்தத் தட்டின் மூன்றாவது பாட்டு மட்டும் சாகவில்லை. டாக்சியில் ஏறினால் அது, பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து உட்கார்ந்தால் அது. வார்த்தையும் மெட்டும் அவளுடையவை. அட்டையில் இருந்தது கணவர் பேர்.

இப்போது அந்தக் குழுவின் வெளிவராத ஒத்திகைப் பதிவுகளையும் அரிய பாடல்களையும் ஒரு தொகுப்பாகப் போடப்போகிறார்கள். வீட்டு அலமாரியில் கிடந்த டேப்புகளை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு இருவரும் டேப் டாக்டரிடம் வந்திருந்தார்கள். பழைய டேப்புக்கு உயிர் கொடுப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டம்.

“இது யாரோடது அண்ணே? ‘வால்’னு மட்டும் எழுதியிருக்கு.”

“நம்ம டிரம்மர் பய. சேட்டை தாங்காம அப்படித்தான் கூப்பிடுவோம். தனியா உக்காந்து மணிக்கணக்கா தட்டுவான். அதை யாரு கேக்குறது? ஓரமா வை.”

அவளுக்குத்தான் தெரியும். அது டிரம்மர் இல்லை. பாட்டின் முடிவு முனை வெளியே இருக்கும்படி சுற்றிய டேப் என்பதற்காக, அந்த மூன்றாவது பாட்டை முதன்முதலில் பாடிப் பதிந்த அன்று அவளே பேனாவால் எழுதிய குறிப்பு. கணவர் தப்பாகப் புரிந்துகொண்டார். அவள் திருத்தவில்லை. அந்தத் தப்புதான் இத்தனை நாள் அதை யார் கையும் படாமல் காப்பாற்றியது. டேப் ஓடினால், பாட்டைத் தானே எழுதியதாகக் கணவர் பேட்டிக்குப் பேட்டி சொன்னதெல்லாம் மூன்றாம் மனிதர் முன்னால் பொய்யாகும். ‘ஆதாரத்தை ஒளிச்சு வச்சுக்கிட்டா என்கூடக் குடும்பம் நடத்தினே?’ என்று அவர் கேட்டால்? ஓடாவிட்டால், அவள் குரல் குப்பைக்குப் போகும்.

“அதையும் சூடு காட்டுங்க,” என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

“உனக்கு எப்பலேர்ந்து டிரம்ஸ் மேல ஆசை?” கணவர் சிரித்தார்.

ஈரம் குடித்துப் பிசுபிசுத்த டேப்பை மெல்லிய சூட்டில் எட்டு மணி நேரம் காயவைக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தடவைதான் ஓடும். அன்று இரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

மறுநாள் காலை டாக்டர் அதை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். யாரோ மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. வார்த்தை வார்த்தையாக விழுங்கும் பெண் குரல். தலைகீழாகக் கேட்டாலும் தன் குரல் தனக்குத் தெரியாதா? இயந்திரத்தின் உலோக முனையில் பழுப்புத் தூள் படிந்துகொண்டிருந்தது.

“கெட்டுப்போச்சு அண்ணே. நிறுத்திடவா?”

“தூக்கிப் போடு. பேய் பிடிச்ச டிரம்ஸ்!”

“போடாதீங்க!” அவள் எழுந்துவிட்டாள். “வால் வெளியே இருக்கு. திருப்பிச் சுத்திட்டு ஓட்டணும்.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். “அண்ணி, உங்களுக்கு எப்படி…?”

“அது என் கையெழுத்து.”

கணவர் சிரிப்பை நிறுத்தினார். டாக்டர் தூளைத் துடைத்து, டேப்பை மெதுவாகத் திருப்பிச் சுற்றினார். “இன்னும் ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல.”

கிதார் ஒலித்தது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி மூன்றாவது பாட்டைப் பாடினாள். நடுவில் டேப் கிறீச்சிட்டது. அறுந்துவிடுமோ? அறுந்துவிட்டால் நல்லதோ? அறுபடவில்லை. பாட்டு முடிந்ததும் கணவரின் இளங்குரல் கேட்டது.

“ஏய், இதை எப்ப எழுதினே?”

“நேத்து பஸ்ல. டிக்கெட்டுக்குப் பின்னாடி.”

டேப் தீர்ந்து ரீல் வெறுமனே சுற்றியது. பஸ், டிக்கெட். பேட்டிக்குப் பேட்டி தனக்கு நடந்ததாகக் கணவர் சொல்லிவந்த கதை. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் என்று இப்போதுதான், அந்த முகம் வெளுத்த வெளுப்பைப் பார்த்துத்தான், அவளுக்குப் புரிந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டர் தொகுப்புக்கான படிவத்தை எடுத்தார். “எழுதினவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும் அண்ணே?”

பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. இந்த ஒரு நொடி போனால் இன்னொரு முப்பத்திரண்டு ஆண்டு தன்னிடம் இல்லை என்ற பயம், மற்ற எல்லாப் பயத்தையும் விடப் பெரிதாக அவள் நெஞ்சில் ஏறியது. அவர் கையைத் தொட்டாள். அதுவும் அவள் கையைப் போலவே ஜில்லென்று இருந்தது.

“என்னங்க,” என்றாள். “என் பேரைப் போடச் சொல்லுங்க.”