மாமியார் என்று ஒரு கார்

சனிக்கிழமை காலை காரைப் பார்க்க வந்த தையல்கடைக்காரரிடம் அதன் குறைகளை ஒன்றுவிடாமல் சொன்னேன். பின்கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்திக்கொள்ளும். மழையில் வைப்பர் பாதிக் கண்ணாடி வரைக்கும் போய் நின்று யோசிக்கும். ஏசி போட்டால் மேடு ஏறாது, மேடு ஏறினால் ஏசி வேலை செய்யாது. பின்சீட்டில் ஒரு ஸ்பிரிங் துருத்திக்கொண்டு குத்தும். சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

என் தம்பி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, நீ வண்டிய விக்கிறியா, ஆள விரட்டுறியா?" என்று கேட்டான். உள்ளதைத்தானே சொன்னேன் என்றேன். உள்ளதைச் சொல்லி எந்தக் காலத்தில் யார் கார் விற்றார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். தையல்கடைக்காரர் பொறுமைசாலி. மறுநாள் மாலை மனைவியோடு வந்து இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போன மனிதர் அப்படியே போய்விட மாட்டாரா என்று எனக்குப் படபடப்பாக இருந்தது.

தம்பியும் நானும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறோம். அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் பேசுவான், நான் வண்டியில் உட்கார்ந்து கத்துவேன். இதற்கு முன்பும் கார்கள் வைத்திருந்தேன். முதலில் வாங்கியது பார்க்க லட்சணமாக இருக்கும், பாதி நாள் பட்டறையில் கிடக்கும். அடுத்தது சொன்னபடி கேட்கும், ஆனால் அதன்மேல் எனக்கு ஒட்டுதலே வரவில்லை. இந்த வெள்ளைக் கார்தான் என் கார். பயிற்சி வண்டி என்பதால் என் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் ஓட்டுகிறவருடைய பிரேக்கும் சேர்ந்து இறங்கும். நாம் என்னதான் ஒழுங்காக ஓட்டினாலும் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து தலையிட்டுக்கொண்டே இருக்கிறாளே என்று மாணவர்கள் வண்டிக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் காருக்கா எனக்கா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தேறிவிட்டார் என்று தோன்றினால், கடைசி வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். இனி என் கால் வராது, உன் பாடு என்று அர்த்தம். அப்போதுதான் நிறையப் பேருக்குக் கை வியர்க்கும். உரிமம் பிறகு வரும். என்னிடம் படித்தவர்களுக்கு அந்தச் சம்மணம்தான் பெரிது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அவர் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவர். பேச்சு கம்மி, கிண்டல் ஜாஸ்தி. என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். பகலில் வேலைக்குப் போகிற இடங்களுக்கெல்லாம் அவருடைய கூட்டாளி கம்பெனி வேனை ஓட்டுவார். காலையில் வீட்டிலிருந்து கம்பெனி வரைக்கும் மட்டும் எங்கள் காரை இவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். என் முதல் மாணவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பக்கம் எனக்கு ஒரு மாணவரும் கிடையாது.

அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. நேரே பார்த்தால் ஊசியில் நூல் கோத்துவிடுவார், பக்கவாட்டில் யானை வந்தாலும் தெரியாது. கண் மருத்துவரிடம் போய்வந்த அன்று, பவர் மாறியிருக்கிறதாம் என்று சொல்லி, ஒரு சொட்டு மருந்தை பிரிட்ஜில் வைத்தார். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார். அதற்கு முன்பே கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதையும், மேசை ஓரத்து டம்ளரைத் தட்டிவிடுவதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சொட்டு மருந்தின் பெட்டியைக் கொண்டுபோய் மருந்துக்கடைப் பெண்ணிடம் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, நானும் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் காலுக்கு ஓய்வில்லை. சந்திலிருந்து நீட்டுகிற சைக்கிள், நடைபாதையிலிருந்து இறங்குகிற ஆள், உரசிக்கொண்டு வருகிற ஆட்டோ என்று எல்லாவற்றையும் இரண்டு பேருக்குமாக நானே பார்த்தேன். மிதிப்பது தெரியாமல் மிதிக்க வேண்டும். பேச்சு கொடுத்துக்கொண்டே, ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே மிதிப்பேன். அவர் சிரிப்பார். "இந்த வண்டிக்குப் புத்தி இருக்கு டீச்சர். எங்க நிக்கணும்னு அதுக்கே தெரியுது" என்பார். தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று நான் மண்டையைக் குடைந்துகொள்வேன். வேறு எந்தக் காரும் எனக்கு இந்த உபகாரத்தைச் செய்திருக்காது. அதனால்தான் அதன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தபோதுதான், வெள்ளிக்கிழமை, கம்பெனியில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு பகுதி முழுக்க அவர் பொறுப்பு, தனியாக ஒரு வேன், திங்கட்கிழமை சாவி. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நடந்துகொண்டே சொன்னார். எனக்குத்தான் வேன் வருகிறதே, மாமியாரை எதற்கு வாசலில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்றார். தம்பி ஏற்கெனவே பள்ளிக்குப் புது வண்டி வாங்கித் தன் கொட்டகையில் நிறுத்தியிருந்தான். எல்லோருக்கும் எல்லாம் பொருந்திப்போனது. எனக்கு மட்டும் பொருந்தவில்லை. திங்கட்கிழமை அவர் தனியாக வேனில் ஏறிப் போவார். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எந்த முனையிலாவது யாராவது குறுக்கே வருவார்கள். நான் சொல்லித்தான் தடுக்க வேண்டும். எப்படிச் சொல்வது? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒன்றுக்காகக் காத்திருந்த மனுஷரிடம், உங்களுக்குக் கண் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை முழுக்க ஓர் இடத்தில் உட்காரவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். அலமாரியைக் காலி செய்து அதே சாமான்களை அதே இடத்தில் அடுக்கினேன். மாணவி ஒருத்தி பின்பக்கமாக வண்டியை நிறுத்தத் தெரியாமல் தடுமாறியதற்கு அவளை வறுத்தெடுத்துவிட்டேன். பாவம், அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். சாப்பிடும்போது இரண்டு தடவை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை உப்பு கேட்டேன், இன்னொரு தடவை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சி மைதானத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கூம்புகளை எடுத்துவர வேண்டும் என்று சொல்லி அவரைக் கிளப்பினேன். அவர்தான் ஓட்டினார். வழியில் ஒரு சைக்கிள்காரருக்காக மிதித்தேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிய ஒருத்திக்காக மிதித்தேன். புத்தியுள்ள வண்டி, இதைப் போய் விற்கிறோமே என்றார். வேனில் உள்ள வசதிகளைப் பற்றி வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை.

மைதானத்தில் கூம்புகளை ஏற்றினோம். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கூம்பையும் தூக்கும்போது நினைத்தேன். கூம்புகள்தான் தீர்ந்தன. திரும்பும்போது மைதானத்து வாசலில், பெரிய சாலையில் ஏறுவதற்காக அவர் வண்டியை நிறுத்தினார். இரண்டு பக்கமும் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. செருப்பைக் கழற்றினேன். காலைத் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் என் மடியைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். "போங்க" என்றேன்.

கழுத்தை முழுசாகத் திருப்பி ஒரு பக்கம் பார்த்தார், இன்னொரு பக்கம் பார்த்தார், மறுபடி முதல் பக்கம் பார்த்தார். சாலை காலியானது. அவர் நகரவில்லை. மறுபடி வாகனங்கள் வந்து, மறுபடி காலியானது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"காலக் கீழ வை" என்றார்.

"எதுக்கு? நீங்கதானே ஓட்டுறீங்க."

"வைன்னு சொல்றேன்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் திருடியைப்போல் ஒளித்து ஒளித்து மிதித்ததும், வேடிக்கை பார்ப்பதாக நடித்ததும், தூக்கம் கெட்டதும் எல்லாம் வீண். உங்களுக்குத் தெரியுமா, எப்போதிருந்து தெரியும் என்று கத்தினேன். முதல் நாளிலிருந்தே தெரியும் என்றார். நீ மிதித்தால் என் பக்கமும் இறங்குமே, கயிறும் பிரேக்கும்தானே என் பிழைப்பு, வண்டி தானாக நிற்கும் என்று நான் நம்புவேனா என்றார். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"திறந்தா நீ மிதிக்கிறத நிறுத்திடுவே. என்னை இறக்கி விட்ருவே."

"சரி. நாளைக்கு அந்த வேன்ல யாரு மிதிப்பாங்க?"

அவர் எஞ்சினை அணைத்தார். நீ சொல்லுவாய் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து காத்திருக்கிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் டேஷ்போர்டை அறைந்தேன். உங்கள் கண், உங்கள் வேன், அதை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ சொன்னா உன்மேல கோவப்பட்டுக்கலாம். நானே சொல்லிக்கிட்டா யார்மேல கோவப்படறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூக்கையும் துடைத்துக்கொண்டேன். பிறகு மாணவர்களிடம் பேசுகிற குரலில், "இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது. நான் விட மாட்டேன்" என்று சொன்னேன்.

அவர் கோபப்பட்டார். சும்மா இல்லை, நிஜமாகவே கோபப்பட்டார். கதவை அறைந்துவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். நான் ஓட்டுநர் சீட்டுக்கு மாறி, செருப்பில்லாத காலோடு, நடைபாதை ஓரமாக அவர் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அவர் நடந்துகொண்டே திட்டினார். நான் அடங்காதவள் என்றார், ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் புருஷனை முடக்குகிறேன் என்றார், என்னைக் கட்டிக்கொண்டதுதான் தன் கெட்ட நேரம் என்றார். எனக்கு வலித்தது. திருப்பிச் சொல்ல நாக்கு துடித்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். ஒரு தபால்பெட்டியில் அவர் இடுப்பை இடித்துக்கொண்டார். நின்று தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மாலையில் தையல்கடைக்காரர் சொன்னபடியே மனைவியோடு வந்தார். அந்த அம்மா ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாராம். இந்த முறை நான் ஒரு குறையும் சொல்லவில்லை. பக்கத்துப் பிரேக்கைக் கழற்றிவிடலாமா என்று தையல்கடைக்காரர் கேட்டார். வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், "வேணாங்க, இருக்கட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து பயப்படறப்ப மிதிக்க ஏதாவது வேணும்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பிதான் ரொம்பச் சிரித்தான். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தையல்கடைக்காரர் ஓட்டிச் சென்ற கார் தெருமுனையில் திரும்பியது, கண்ணுக்கு மறைந்தது. நான் உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

குழாயை மூடியபோது கூடத்தில் அவர் போனில் பேசுவது கேட்டது. மேலாளரோடுதான். கைத்துண்டோடு கதவோரம் போய் நின்றேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேன் வேணாம் சார். பழையபடி கூட்டாளியோடவே போறேன். இல்ல சார், எனக்கு ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரிதான் விட மாட்டேங்கிறா. எனக்குக் கண்ணு தெரியலையாம். ஒத்தக் கால்ல நிக்கிறா."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, ஆமாம் சார், ஆமாம் சார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கண் தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.