காய்ச்சல் தட்டும் மூட்டுவலித் தட்டும்

எங்கள் சித்தப்பாவின் மருந்துக்கடையில் மாத்திரைகள் நோய்ப்படி குடியிருந்தன. காய்ச்சலுக்கு ஒரு தட்டு, மூட்டுவலிக்கு ஒரு தட்டு, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கைநடுக்கத்துக்கு ஒன்று. நோயைச் சொன்னால் போதும், கை தானாகப் போகும் என்று மீசையைத் தடவிக்கொள்வார். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அக்காவைக் கொன்றது அந்தக் கைதான். படியில் விழுந்து முட்டி வீங்கியவளுக்கு மூட்டுவலித் தட்டிலிருந்து டைக்லோபினாக் கொடுத்தார். அது முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் தட்டிலிருந்து ஐபுபுரூபனையும் கொடுத்தார். பெயர் வேறு, நிறம் வேறு, தட்டு வேறு. ஆனால் இரண்டும் ஒரே வகை, உடம்புக்குள் ஒரே வேலையைச் செய்பவை. சேர்த்து விழுங்கினால் வயிறுதான் புண்ணாகும். அக்காவின் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தனியாக நின்ற என்னிடம் டாக்டர் காரணத்தைச் சொன்னார்.

சித்தப்பாவோ துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "நேரத்துக்குச் சாப்பிட மாட்டா, வயித்தக் காயப்போட்டே போயிட்டா" என்று பழியைச் செத்தவள் தலையிலேயே கட்டினார். அம்மாவும் நம்பிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெறும் வாயால் சொன்னால் ஊதித் தள்ளிவிடுவார். அவர் தப்பிக்க வழியில்லாத நாள் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே மருந்தியல் படித்தேன், அவர் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். மாத்திரைகளை வகைப்படி அடுக்கலாமே என்றதற்கு, என் காலேஜை வாசலோடு விட்டுவிட்டு வரச் சொன்னார்.

நாள் தானாக வந்தது. ரத்த அழுத்தத்துக்கு அவர் ஏற்கெனவே அட்டெனலால் போட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்குகிறதென்று வேறொரு டாக்டரிடம் போனவர், இதைப் பற்றி அங்கே மூச்சுவிடாமல் புரோப்ரனலாலும் எழுதி வாங்கி வந்தார். இரண்டும் இதயத் துடிப்பைக் குறைக்கும் ஒரே வகை. தன் கடையின் இரண்டு தட்டுகளிலிருந்தும் எடுத்து விழுங்கினார். கொஞ்ச நாளில் எழுந்து நின்றாலே தலை சுற்றியது. வயசாகிறது என்றார்.

நான் சும்மா இருந்தாலே போதும். யாரும் என்னைக் கைகாட்ட முடியாது. அந்த நினைப்பு இனித்தது, மறைப்பானேன்.

அடுத்த நாள் காலை கல்லாவில் சாய்ந்தபடி, உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளோடு தண்ணீர் கேட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முகம் வெளுத்திருந்தது. இவர் இப்படியே போய்ச் சேர்ந்தால், பாவம் நல்ல மனுஷன் என்று நாலு பேர் சொல்லி அனுப்பிவைப்பார்கள். அக்கா மட்டும் என்றைக்கும் வயிற்றைக் காயப்போட்டவளாகவே இருப்பாள். அது எனக்குக் கட்டுப்படியாகாது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு நாடியைப் பிடித்தேன். நின்று நின்று அடித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஒரு மாத்திரையை நிறுத்தித் தேற்றி அனுப்பினார்கள். கடைக்குத் திரும்பியவர் கும்பிடாத குறையாக, உன் இஷ்டப்படியே அடுக்கிக்கொள் என்றார்.

"நீங்களே அடுக்குங்க சித்தப்பா. நான் சொல்றேன்."

அம்மாவை வரவழைத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். நான் சொன்னபடி அட்டெனலால் பக்கத்தில் புரோப்ரனலாலை வைத்தார். ஒரே வகையென்று முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாமே என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டார். அடுத்து ஐபுபுரூபனை எடுக்கச் சொன்னேன். எங்கே வைப்பது என்று கேட்டார். மூட்டுவலித் தட்டைக் காட்டினேன்.

டைக்லோபினாக் வரைக்கும் போன கை பாதியில் நின்றது.

"இதுவும் அதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். அக்கா நேரத்துக்குத்தான் சாப்பிட்டா சித்தப்பா."

அம்மா நாற்காலியைவிட்டு எழுந்தாள். அவர் டப்பாவோடு கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"வைங்க" என்றேன்.