சகலை மறந்த எண்ணெய்த் துளை

பட்டறைச் சாவி மாமனாரின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலியால் அவதிப்பட்ட அவர், இரு மருமகன்களில் ஒருவரிடம் அதை ஒப்படைக்கும் காலம் நெருங்கிவிட்டதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மரம் அறுக்கும் செயின் ரம்பங்களை நெடுங்காலமாகப் பழுதுபார்த்துவந்த மூத்த மருமகன், அது தமக்கே வருமென்று நிம்மதியாக இருந்தார். மைத்துனியை மணந்துகொண்டு சின்ன மருமகன் பட்டறைக்குள் நுழையும்வரை அந்த நிம்மதிக்குக் குறைவில்லை.

சகலை கெட்டிக்காரன். அதுதான் பொறுக்கவில்லை. மூடிப்போன மர டிப்போ ஒன்றிலிருந்து சாக்கு நிறையப் பழைய செயின்களை அவன் அள்ளிவந்தபோது மூத்தவர் முகத்தைச் சுளித்தார். எஃகு நல்ல எஃகுதான். ஆயினும் பட்டறை ரம்பங்களில் செயின் சுற்றியோடும் தகடுகளுக்கு அவை சற்று நீளம். மாட்டினால் தொளதொளவென்று தொங்கின. சகலையோ செயினைத் தொடவேயில்லை. ஒரு தகட்டின் அடிப்பக்கத்தில் அதை ரம்பத்தோடு பூட்டும் நீள்துளையை அரத்தால் நீட்டி, இறுக்கும் ஆணிக்கு வேறு துளையிட்டு, தகட்டையே முன்னுக்குத் தள்ளிப் பூட்டினான். செயின் விறைப்பாக உட்கார்ந்தது. மாமனார் வந்தவர் போனவரிடமெல்லாம் சின்ன மாப்பிள்ளையின் மூளையைப் பற்றியே பேசினார். மூத்தவரின் மனைவிகூடத் தங்கை வீட்டுக்காரரைப் புகழ்ந்துகொண்டே பரிமாறினாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த வேளையில், அத்தகட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார். குறை காண்பதற்கென்றே எடுத்தார், கண்டும்விட்டார். தகடு முன்னே நகர்ந்ததால் அதிலிருந்த எண்ணெய்த் துளையும் கூடவே நகர்ந்துவிட்டது. இயந்திரம் எண்ணெய் கக்கும் இடத்தில் இப்போது வெறும் எஃகுதான் இருந்தது. ஓட்டினால் தகடு காய்ந்து, நீலம் பாய்ந்து, புகையும். பழகிய கை கீறூசியை எடுத்துப் புதுத் துளை வரவேண்டிய இடத்தில் சிறு பெருக்கல் குறியொன்றைக் கீறிவிட்டது. அதன் பிறகே மனம் விழித்துக்கொண்டது. சிறு கீறல்தானே என்று விட்டுவிட்டு, தகட்டை முன்போலவே பூட்டிவைத்தார். வாயைத் திறக்கவில்லை. மாமனார் கண்முன்னே அது புகைவதை நினைத்தபோது வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அடுத்த நாள் ரம்பத்தை ஓட்டிப் பார்க்க வாசலில் கட்டை கிடத்தினார்கள். வேடிக்கை பார்க்க ஆட்களும் சேர்ந்தார்கள். மாமனார் இயந்திரத்தைத் தூக்கி, யாரும் எதிர்பாராதபடி மூத்தவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே அறுங்க, பெரிய மாப்ளே. உங்க கைதான் ஆடாது."

தம் கையில் புகைந்தால் ஓட்டியவன் கோளாறு என்றுதான் ஊர் சொல்லும். வேறு வழியில்லை.

"இதுக்கு எண்ணெய் வராது மாமா," என்றார்.

சகலை இயந்திரத்தை வாங்கினான். தகட்டைக் கழற்றித் திருப்பினான். பெருக்கல் குறி பளிச்சென்று தெரிந்தது. மாமனார் குனிந்து பார்த்தார்.

"சின்ன மாப்ளே குறி போட்டுத்தான் வெச்சிருக்காரு. துளை போட மறந்துட்டாரு, அவ்வளவுதானே. கல்யாணமான புதுசு, மறதி வரத்தான் செய்யும்."

எல்லாரும் சிரித்தார்கள். குறி என்னுடையது என்ற சொல் மூத்தவரின் நுனிநாக்குவரை வந்தது. சொன்னால், முன்பே பார்த்ததும், பார்த்துவிட்டு ஊமையாக இருந்ததும் சேர்ந்தே வெளிவரும். விழுங்கிவிட்டார்.

சகலை குறியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அதே குறியின்மேல் துளையிட்டான். மூத்தவர் அறுத்தார். தகடு எண்ணெயில் மினுமினுக்க, கட்டை கோணாமல் அறுபட்டு விழுந்தது. மாமனார் சாவியை அவிழ்த்துச் சின்ன மருமகன் கையில் வைத்தார்.

ஆட்கள் கலைந்ததும் அவன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"குறி உங்களோடதுன்னு மாமாகிட்ட சொல்லிடவா அண்ணே?"

"வேண்டாம்."

"எப்போ போட்டீங்க?"

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி கந்தலாகும்வரை துடைத்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல் அவரே முதலில் வந்தார். பட்டறை பூட்டியிருந்தது. தெருமுனையில் சகலை சாவியோடு வருவது தெரிந்தது. அவரைக் கண்டதும், காக்கவைக்கக் கூடாதென்று அவன் ஓடிவந்தான். அதுவும் பொறுக்கவில்லை.