சரிபார்க்க ஓர் ஆள்

மூன்று தட்டு சாண்ட்விச், இரண்டு பெரிய கெட்டில் தேநீர், ஒரு ஆப்பிள் கேக். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கனமாராவில் பதினோரு பேரை உட்காரவைத்து, அவர்களுடைய சொந்த மொழியான ஐரிஷில் ஒரு மென்பொருள் இருக்கிறது என்று சொல்ல இவ்வளவு தேவைப்பட்டது. ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு நழுவுவதற்குள், ஸாலி தேவாலய வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பிடித்து எதிரே இருந்த கூட்டுறவுச் சங்கக் கூடத்துக்குள் தள்ளினாள்.

ஸாலிக்கு நாற்பத்தெட்டு வயது. வாரத்தில் மூன்று நாள் நூலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் திறமூல மென்பொருளுக்குத்தான். யாரும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்திருக்கும் ஒரு அலுவலக மென்பொருளின் ஒவ்வொரு பொத்தானையும், ஒவ்வொரு எச்சரிக்கையையும் பதினான்கு வருடமாக ஐரிஷில் எழுதிக்கொண்டிருக்கிறாள். சம்பளம் கிடையாது. நன்றி என்று யாரும் சொன்னதும் கிடையாது. திட்டு மட்டும் ஒருமுறை கிடைத்திருக்கிறது.

அந்தத் திட்டு ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து வந்தது. 'வேண்டாம், விட்டுவிடு' என்று இருக்க வேண்டிய பொத்தானில் ஸாலி தூக்கக் கலக்கத்தில் 'அழி' என்று எழுதியிருந்தாள். அரைவருட மதிப்பெண்கள் மொத்தமாகப் போயின. அன்றிலிருந்து ஸாலி அந்த மென்பொருள் திட்டத்தின் விதியை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டாள்: ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எழுதியவரே ஒப்புதல் தரக் கூடாது.

இப்போது அந்த இன்னொருவர் இல்லை. பாஸ்டனிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து, மனிதர் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். ஸாலி எழுதிய அறுநூற்று நாற்பது வரிகள் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தன. ஜெர்மனியிலிருந்து ஒருங்கிணைப்பாளர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். புதன்கிழமைக்குள் இரண்டாவது ஆள் வந்து வேலையை முடிக்காவிட்டால், இந்த வெளியீட்டின் மொழிப் பட்டியலில் ஐரிஷ் இருக்காது. ஒருமுறை பட்டியலிலிருந்து விழுந்த மொழிகள் திரும்பி ஏறியதில்லை என்பது ஸாலிக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கடிதம் வந்ததிலிருந்து அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் இந்தக் கூட்டம். கூடத்தின் வாசலில் மேசை போட்டு ஒரு தாள் வைத்திருந்தாள். பெயர் எழுதவும், உதவ முடியுமா என்று எழுதவும் இரண்டு கட்டம்.

கூட்டம் நல்லபடியாகவே நடந்தது. ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு ராடெக் வந்தான். கடற்பாசித் தொழிற்சாலையில் எடைப் பிரிவில் வேலை செய்யும் போலந்துக்காரன். வாசல் மேசையில் குனிந்து எதையோ எழுதிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். கழுத்தில் டை கட்டியிருந்தான். ஸாலி தலையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். திரையில் படம் காட்டினாள். கேள்விகூடக் கேட்டார்கள். கேக் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது.

நாற்காலி அடுக்க நின்றவர் கோலீன் டோம் வியார்ட்ல ஒருவர்தான். அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால்தான் எந்தக் கோலீன் என்று இந்த ஊரில் தெரியும். சங்கத்தின் மேலாளர். வாய் மட்டும் ஓயாது.

"எத்தனை பேரு மாட்டுனாங்க?" என்றார்.

"தாளைப் பார்த்தாத்தான் தெரியும்."

"பார்க்கவே வேணாம். ஒருத்தனும் மாட்டியிருக்க மாட்டான். என் பேச்சைக் கேளு. இன்னொரு பேர்ல நீயே ஒரு கணக்கு ஆரம்பி. மீசை வச்ச ஆளு படம் ஒண்ணு போடு. நீ எழுது, மீசைக்காரன் சரின்னு சொல்லட்டும். ஜெர்மனியில இருக்கிற ஆளு வந்து மீசையை இழுத்தா பார்க்கப் போறான்?"

"மறுபடியும் யார் மார்க்காவது அழிஞ்சா, மீசைக்காரனா போய் பதில் சொல்லுவான்?"

வெடுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, அந்த யோசனை அவளுக்கும் வராமல் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு பொய்ப் பெயர்கூடத் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்தத்தான் கை வரவில்லை.

தாளை எடுத்தாள். பதினோரு பெயர்கள். உதவி என்ற கட்டத்தில் பத்துப் பேர் 'வேலை அதிகம்', 'கண் சரியில்லை', 'பார்க்கலாம்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கோலீன் 'சாண்ட்விச் சாப்பிட உதவுவேன்' என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே பன்னிரண்டாவதாக ஒரு பெயர். அதன் எதிரே ஐரிஷில், உருண்டையான எழுத்தில் ஒரு வரி: 'நான் சரிபார்க்க முடியும். நாலரைக்கு மேல் எனக்கு வேலை இல்லை.'

பெயரையும் வரியையும் சேர்த்துக் கோடு போட்டு அடித்திருந்தது. ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி நேர்கோடு.

"ராடெக்குக்கு ஐரிஷ் தெரியுமா?" என்றாள் ஸாலி.

"அவனுக்கா? எட்டு வருஷமா அவன்கூட நான் இங்கிலீஷ்லதானே பேசுறேன்."

"வரும்போது எழுதுனதைப் போகும்போது ஏன் அடிச்சான்?"

"உன் பேச்சைக் கேட்டு பயந்திருப்பான்."

கோலீன் சிரித்தார். ஸாலி சிரிக்கவில்லை. தன் பேச்சை அவள் மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். வணக்கம் சொன்னது ஐரிஷில். பாஸ்டன்காரர் கதையை ஆரம்பித்தது ஐரிஷில். கதவு திறந்தது. ராடெக் வந்தான். அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் ஆங்கிலத்தில்தான் பேசியிருந்தாள். கேள்வி கேட்டவர்களும் ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள். ஐரிஷில் ஒரு மென்பொருள் வேண்டும், நம் மொழி கணினியில் வாழ வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் ஆங்கிலத்தில். அவளையும் சேர்த்து ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் மொத்தக் கூட்டமும் அவருக்காக ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வது இந்த ஊரில் தேவாலயத்துக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றுகிற மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நாம எல்லாரும் சேர்ந்து அந்த ஆளை விரட்டியிருக்கோம், கோலீன்," என்றாள்.

"மரியாதைக்குத்தானே மாத்துனோம்?"

"அந்த மரியாதையைத் தூக்கி உடைப்புல போடு."

திங்கள்கிழமை நாலரைக்குத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். வழியெல்லாம் முதல் வாக்கியத்தை ஐரிஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ராடெக் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தான். ஸாலி வாயைத் திறந்தாள். "ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று வந்து விழுந்தது, சுத்தமான ஆங்கிலத்தில்.

தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். ராடெக் விழித்தான். "மன்னிச்சுக்குங்க. பழக்கதோஷம்," என்று இந்த முறை ஐரிஷில் சொன்னாள். "உங்க பேரை ஏன் அடிச்சீங்க?"

அவன் கையுறைகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு ஐரிஷில் பேச ஆரம்பித்தான். ஸாலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இலக்கணப் பிசகு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த நடை! ஊர் வானொலியில் தினமும் மரண அறிவிப்பு வாசிப்பவரின் நடை.

"எனது பெயரை நான் மிகுந்த வருத்தத்துடன் நீக்கினேன்," என்றான். "எடைப் பிரிவில் நாள் முழுவதும் ஐரிஷ் வானொலி ஒலிக்கிறது. அதிலிருந்து கற்றுக்கொண்டேன். அங்குள்ள கணினியும் ஐரிஷில்தான் இயங்குகிறது."

அது ஸாலியே எட்டு வருடம் முன்பு போட்டுக்கொடுத்தது. ஊரில் அவள் போட்டுக்கொடுத்த மற்றக் கணினிகளையெல்லாம் ஒரே வாரத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். இது ஒன்று மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

"எங்கள்ல யார்கிட்டயாவது பேசியிருக்கலாமே?"

"நான் கடைக்குள் நுழைகிறேன். ஐரிஷில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என்னைக் கண்டதும் நிறுத்துகிறீர்கள். எட்டு ஆண்டுகள். நான் கேட்கக் கூடாத ஏதோ ஒன்று என்று நினைத்தேன். நேற்றும் அவ்வாறே நடந்தது. அது உங்கள் வீட்டு விஷயம், எனக்கு அங்கே இடமில்லை என்று புரிந்துகொண்டேன்."

ஸாலி அவசரமாக மறுத்தாள். "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான் மாத்துறோம், ராடெக். நிஜமாவே அவ்வளவுதான். முட்டாள்தனம்தான், ஆனா கெட்ட எண்ணம் கிடையாது." அடுத்து விஷயத்துக்கு வந்தாள்: "எனக்கு நீங்க வேணும். புதன்கிழமைக்குள்ள."

ராடெக் கடிகாரத்தைப் பார்த்தான். "நூலகத்தில் தேநீர் வழங்கப்படுமா?" என்றான்.

அன்று மாலையே கணக்கு ஆரம்பித்து, நூலகக் கணினியில் உட்கார்ந்துவிட்டான். முதல் மூன்று வரிகளையும் நிராகரித்தான். ஸாலிக்குச் சுர்ரென்று வந்தது.

"என்ன தப்பு இதுல?"

"இந்த இடத்தில் 'சேமி' என்கிறீர்கள். அந்த இடத்தில் 'பத்திரப்படுத்து' என்கிறீர்கள். ஒரே பொத்தான். முதல் ஆண்டு முழுவதும் இரண்டும் வேறு வேறு என்று எண்ணி நான் இரண்டு முறை அழுத்தினேன்."

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, தன் பொத்தானை அழுத்திய ஒரு மனிதன் எதிரே உட்கார்ந்து குறை சொல்கிறான். கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று மாலை அப்படியே போனது. சண்டை போட்டார்கள், திருத்தினார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். புதன்கிழமை ஏழு மணிக்கு அறுநூற்று நாற்பதாவது வரிக்கும் ஒப்புதல் விழுந்தது. பத்து நிமிடத்தில் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. ஐரிஷ் பட்டியலில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கோலீன் டோம் வியார்ட்ல கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னம்மா ஸாலி, மீசைக்காரன் வந்து சேர்ந்தானா?" என்று ஐரிஷில் ஆரம்பித்தவர், ராடெக்கைப் பார்த்தார். "அட, ராடெக், எப்படி இருக்கே? வேலை முடிஞ்சுதா?" என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தார். தன் நாக்கு தடம் மாறியது அவருக்கே தெரியவில்லை.

ராடெக் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வானொலிக் குரலில், ஐரிஷில் அறிவித்தான்:

"கோலீன் டோம் வியார்ட்லவின் ஆங்கிலம் இன்று மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, நூலகத்தில், நண்பர்கள் சூழ அமைதியாகக் காலமானது. மலர்கள் வேண்டாம்."

கோலீன் ஸாலியைப் பார்த்தார். ராடெக்கைப் பார்த்தார். அவர் முகம் மெல்லச் சிவந்து காது வரை போனது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அடக்கம் எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்டார், ஐரிஷில்.