லிங்கசாமி குட்டைக்கு வந்த ஆடிட்

ஒருவர் மேல் மனுக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையோடு அவர் வீட்டுக்கே போய் அதைச் சொல்லிவிட்டு வருகிற மரியாதை பொங்கலூர்ப் பக்கம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. கன்னையன் அப்படித்தான் வந்தார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவை நீட்டிவிட்டு, பஸ் இறங்கி நேராக லிங்கசாமியின் தோட்டத்துக்கு வந்தார். லிங்கசாமியின் மனைவி ரங்காத்தாள் கொடுத்த மோரைக் குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. உங்க மேல ஒரு மனுக் குடுத்துட்டு வந்திருக்கறனுங்க."

லிங்கசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எம் மேலயா? எதுக்குங்க மச்சான்?"

"இந்தக் குட்டைக்குத்தானுங்க. ஓடைய மறிச்சுக் கரை போட்டுட்டீங்க. கீழ எங்கெணத்துக்குத் தண்ணி எப்படிங்க வரும்? வாயில நாலு தடவ சொல்லிப் பாத்தேன், நீங்க காதுலயே போட்டுக்கல. அம்மிணி, இன்னொரு டம்ளர் மோர் இருக்குதா?"

ரங்காத்தாள் ஊற்றிக் கொடுத்தாள். கன்னையன் அவளுக்குப் பங்காளி முறையில் அண்ணன். அண்ணனுக்கு மோரா, புருஷனுக்குப் பரிந்து பேசுவதா என்றால், அன்றைக்கு அவள் மோரின் பக்கம் நின்றுவிட்டாள்.

லிங்கசாமிக்குத் திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி. பொங்கலூரில் ஓடையோரம் தோட்டம். போன இரண்டு கோடையிலும் தோட்டத்து போர்வெல் காற்றைத்தான் கக்கியது. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வந்து சேர்வதற்குள் ஆளுக்குத் தலை நரைத்துவிடும். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றித்தான் தென்னம்பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தார். இன்னொரு கோடை அப்படிப் போனால் அத்தனையும் கருகிப்போகும், அது நிச்சயம். அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் பொக்லைனைக் கூட்டிவந்து குட்டை வெட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மனுஷன் நிறுத்தவில்லையே! வெட்டிய மண்ணை ஓடைக்குக் குறுக்கே கரையாகக் கொட்டி, ஓடையில் வருகிற தண்ணீரெல்லாம் தன் குட்டைக்குள்ளேயே வந்து விழும்படி செய்துவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்தப் பட்டாவுக்குள் ஓடுகிற ஓடைக்கு யாரைக் கேட்பது என்று நினைப்பு.

இரண்டு நாளில் போன் வந்தது. வெள்ளிக்கிழமை நீர்வளத் துறையிலிருந்து பொறியாளர் வந்து குட்டையை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவாராம்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்திருப்பான். திருப்பூர்க்காரருக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல் காதில் விழுந்தால் வேறு மாதிரித்தான் வேலை செய்யும். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் வருஷத்துக்கு நாலு தடவை ஆடிட்டரை அனுப்பிக் கம்பெனியைக் குடைகிற ஊர் அது. லிங்கசாமிக்கு முகமே தெளிந்துவிட்டது. "அட, ஆடிட்டுதானா! அது நம்ம கைவேலையாச்சே," என்று சொல்லி, கம்பெனியில் ஆடிட்டுகளைச் சமாளிக்கிற கம்ப்ளையன்ஸ் மேனேஜர் ராஜ்கமலுக்கு போன் போட்டார்.

ராஜ்கமல் தூத்துக்குடிக்காரர். இதுவரை அவர் எதிர்கொண்ட எந்த ஆடிட்டிலும் கம்பெனி தோற்றது கிடையாது. தோட்டத்துக்கு வந்து குட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சார், நீங்க கவலையே படாதிய. எந்த ஆடிட்டா இருந்தாலும் நாலு விஷயந்தான் பாப்பாவ. போர்டு இருக்கா, பெட்டி இருக்கா, ஆளுக மாஸ்க் போட்டிருக்காவளா, நடக்க பாதை தெளிவா இருக்கா. முடிச்சிருவோம்."

முடித்தும் காட்டினார். கரை மேல் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. நடுநடுவே அம்புக்குறி. கரையின் கோடியில் பச்சை போர்டு: 'அவசர வழி'. வேப்பமரத்தடியில் இன்னொரு போர்டு: 'ஆபத்து நேரத்தில் இங்கே கூடவும்'. முதலுதவிப் பெட்டி. களை வெட்ட வந்த பெண்களுக்குத் தலையில் வலைத்தொப்பி, வாயில் மாஸ்க். பார்வைக்குப் பசுமையாக இருக்கட்டும் என்று கரை நெடுகக் குழி பறித்து மரக்கன்று வேறு. கடைசியாகத் தண்ணீரோரம் ஒரு சிவப்புத் தீயணைப்பான்.

ரங்காத்தாள் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்து நின்றாள். "ஏனுங்க, தண்ணி தீப்புடிச்சா அணைக்கறதுக்குங்களா?"

"உனக்கு ஆடிட்டப் பத்தி என்ன தெரியும், போ அக்கட்டால," என்றார் லிங்கசாமி.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கிய பொறியாளர் பெயர் நிர்மலா. முப்பது வயது இருக்கும். போர்டுகளை ஒவ்வொன்றாக நின்று, எழுத்து விடாமல் படித்தார். வலைத்தொப்பிப் பெண்கள் வணக்கம் சொன்னார்கள். லிங்கசாமிக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ராஜ்கமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார்," என்றார் நிர்மலா. "இந்த அவசர வழி யாருக்குங்க?"

"ஆளுகளுக்குங்க மேடம். ஏதாச்சும் ஒண்ணுன்னா ஓடறதுக்கு."

"சரிங்க. தண்ணி மிஞ்சிப்போனா, அது ஓடறதுக்கு வழி எங்க இருக்கு?"

லிங்கசாமி ராஜ்கமலைப் பார்த்தார். ராஜ்கமல் தீயணைப்பானைப் பார்த்தார். மாஸ்க்குக்குள் ஒரு பெண் சிரித்தே விட்டாள்.

நிர்மலா சிரிக்கவில்லை. கரை மேல் ஏறி நின்று நிதானமாகச் சொன்னார். "குட்டை வெட்டினதுல தப்பே இல்லைங்க. அரசாங்கமே மானியம் கொடுத்து வெட்டச் சொல்லுது. ஆனா ஓடைக்குக் குறுக்க கரை போடணும்னா துறையில அனுமதி வாங்கணும்."

"இது என்ற பட்டாவுக்குள்ள ஓடற ஓடைங்க மேடம்."

"நிலந்தாங்க உங்க பட்டா. ஓடையில வர்ற தண்ணி யார் பட்டாவுலயும் இல்லைங்க. உங்களுக்குக் கீழ இருக்கறவருக்கும் அதுல பாத்தியதை உண்டு. அதனால கலிங்கு வைக்கணும். மிச்சத் தண்ணி அதுல வழிஞ்சு மறுபடி ஓடைக்கே போகணும். கலிங்கைவிட மூணு அடியாவது கரை ஒசந்து நிக்கணும். அப்புறம், கரை மேல யாருங்க மரம் வைக்கச் சொன்னது? வேர் போற வழியிலதான் தண்ணியும் போகும். மொதல்ல அத்தனையும் பிடுங்கிட்டு, குழிய இறுக்கி மூடுங்க."

கரை முடிந்து கெட்டித்தரை தொடங்குகிற ஓரமாகப் பார்த்து ஒரு முளைக்குச்சியை அடித்தார். "இந்த இடத்துல, இந்த மட்டத்துக்குத் திறந்து விட்டுட்டு, அனுமதிக்கு எழுதிக் கொடுங்க. பத்து நாள் டைம். இல்லேன்னா துறையிலயே வந்து மொத்தக் கரையையும் எடுத்துடுவாங்க."

ஜீப் போனதும் லிங்கசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திறந்துவிட்டால் குட்டையில் என்ன நிற்கும்? வந்த தண்ணீரெல்லாம் கன்னையன் மச்சான் கிணற்றுக்குப் போகும், தென்னம்பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். இவ்வளவும் பண்ணியது அதற்கா? அதனால் ஒரு கணக்குப் போட்டார். பத்து நாள் டைம் இருக்கிறதல்லவா? அதற்குள் ஒரு மழை விழட்டும், குட்டை நிறையட்டும், அப்புறம் திறப்பதுபோல் கொஞ்சம் திறந்து வைத்தால் போயிற்று. கன்றுகளைக்கூடப் பிடுங்கவில்லை. வீம்புதான், வேறென்ன!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. அப்பப்பா, என்ன மழை! பொழிகிற வேகத்தில் எதிரே இருக்கிற தென்னை தெரியவில்லை. ஓடையில் செந்தண்ணீர் சுருட்டிக்கொண்டு வந்து குட்டைக்குள் விழுந்தது. லிங்கசாமி குடையைப் பிடித்துக்கொண்டு கரை மேல் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். போனில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "பாருங்க, என்ற குட்டையப் பாருங்க!" என்று காட்டினார். முளைக்குச்சி முழுகியது. அதற்கும் மேலே தண்ணீர் ஏறியது. அவர் மனசும் கூடவே ஏறியது.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த ரங்காத்தாள் குட்டையைப் பார்க்கவில்லை. கரையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, இங்க வாங்க. கரை ஒழுகுதுங்க."

ஒரு மரக்கன்றுக்கு நேர் கீழே கரையிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அடுத்த கன்றுக்குக் கீழேயும் அப்படியே. புதுக்கரை, இன்னும் இறுகாத மண், அதில் வரிசையாகக் குழி வேறு. கரைக்குக் கீழே கன்னையனின் சின்ன வெங்காயக் காடு. அதைத் தாண்டி மாட்டுக் கொட்டகை. அதை ஒட்டினாற்போல் வீடு.

"கொஞ்ச நேரம் பாக்கலாம் இரு. மழை உட்டுருமாட்ட இருக்குது."

"என்னத்தப் பாக்கறது? ஒடைஞ்சுதுன்னா எங்கண்ணன் ஊட்டுக்குள்ள போயித்தான் நிக்கும். உங்களுக்குக் குட்டை பெருசா, மனுசன் பெருசா? சொல்லுங்க!"

லிங்கசாமி வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிஷம் அவருக்குக் குட்டைதான் பெரிதாக இருந்தது. இரண்டு கோடை பட்ட பாடு அப்படி. பிறகு அந்த நினைப்பே அவரைச் சுட்டது. குடையை எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முளை இருந்த ஓரத்துக்கு ஓடினார்.

அங்கே அவருக்கு முன்பே ஒரு மண்வெட்டி வந்து நின்றது. கன்னையன், முழங்கால் வரை சேறு. மனுவைப் பற்றி ஒரு பேச்சில்லை.

"மாப்ளே, எந்தப் பக்கமிருந்துங்க வெட்டறது?"

"நீங்க அந்தக் கடைசியப் புடிங்க மச்சான்."

முளை மட்டம் வரை வெட்டினார்கள். தண்ணீர் வழி கண்டதும் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் வெட்டிய வாயின் மண்ணையே அரிக்க ஆரம்பித்தது. இப்படியே விட்டால் வாய் அகன்று, கரை முழுக்கப் போய்விடும். கன்னையன் கல்லைப் போட்டார், கல் உருண்டோடியது. மண்ணைப் போட்டார், மண் கரைந்தோடியது.

நல்ல வேளை, ராஜ்கமல் வந்திருந்தார். மறுநாள் கம்பெனியில் நிஜ ஆடிட். போர்டுகளைத் திருப்பி எடுத்துப் போகத்தான் வேனைக் கொண்டுவந்து, மழைக்குப் பயந்து அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நிலைமையைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தார். "சார்! வண்டில ஷேடு மாறிப்போன ரோஸ் துணி ரோல் ரெண்டு கிடக்கு. வேஸ்ட்டுக்குத்தான் போகுது. கொண்டாரட்டா?"

"இதையெல்லாமா கேப்பாங்க? தூக்கிட்டு வாங்க!"

துணியை ஏழெட்டு மடிப்பாக மடித்து, வெட்டிய வாயில் விரித்து, இரண்டு ஓரத்திலும் பாறாங்கல்லை ஏற்றினார்கள். பையர் வேண்டாமென்று தள்ளிய துணி கன்னையனின் ஓடைக்கு ரோஸ் கம்பளம் ஆயிற்று. அரிப்பு நின்றது. தண்ணீர் அதன் மேல் சமர்த்தாக வழிந்து ஓடைக்குள் இறங்கியது. குட்டை மட்டம் குறையக் குறையக் கரையின் ஒழுகலும் அடங்கியது.

லிங்கசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நாள் வானத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்த தண்ணீர்! கண்ணெதிரே அடுத்தவர் காட்டுக்குப் போகிறது. அழுதால் மழையில் யாருக்கும் தெரியாது என்று கொஞ்சம் அழுதும் விட்டார்.

மழை விட்டு, வெளிச்சம் வந்து, அவர் திரும்பிக் குட்டையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முளை மட்டத்துக்கு மேலே இருந்த தண்ணீர்தான் போயிருந்தது. அதற்குக் கீழே குட்டை தளும்பத் தளும்ப நின்றது. திறந்தால் காலியாகிவிடும் என்று இத்தனை நாள் யார் சொன்னார்கள் அவருக்கு? யாரும் சொல்லவில்லை, ஆசைதான் சொன்னது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன ஏது என்று தெரியாமலே கன்னையனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த வாரம் கலிங்குக்கு அளவெடுக்க நிர்மலா வந்தார். கரையில் ஒரு கன்று இல்லை, ஒரு குழி இல்லை. எலி வளை இருக்கிறதா என்றுகூட லிங்கசாமி குனிந்து குனிந்து தேடி வைத்திருந்தார். நிர்மலா மட்டப்பலகையை வைத்து உயரம் பார்க்கும்போது கன்னையன் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், கலிங்க ஒரு அடி ஒசத்தியே கட்டிக்கச் சொல்லுங்க. என்ற கெணத்துல தண்ணி கெடக்குதுங்க. பாவம், மாப்ளையோட தென்னம்பிள்ளைக்கு நிக்கட்டும்."

"அதெல்லாம் வேண்டாங்க மேடம்," என்று லிங்கசாமி குறுக்கே பாய்ந்தார். "ஒரு அடி எறக்கியே கட்டுங்க. மச்சான் வெங்காயம் போட்டிருக்கறாருங்க."

"அட, சும்மா இருங்க மாப்ளே."

"நீங்க சும்மா இருங்க மச்சான்."

நிர்மலா மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டார். "இதுல யாருங்க மனுக் கொடுத்தது? நான் எத்தனையோ ஓடைச் சண்டை பாத்திருக்கேன், எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு சண்டை போடறத இப்பத்தான் பாக்கறேன். ஒண்ணு கேக்கறேன். ரெண்டு வருஷம் மழை பொய்ச்சு, குட்டையில முழங்கால் தண்ணிதான் நிக்குதுன்னு வைங்க. அன்னைக்கும் ரெண்டு பேரும் இதையேதான் சொல்வீங்களா?"

கன்னையன் ஓடையைப் பார்த்தார். லிங்கசாமி தன் காலைப் பார்த்தார். கரை ஒழுகியபோது வாயைத் திறக்காமல் நின்ற அந்த ஒரு நிமிஷம் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"சொல்ல மாட்டனுங்க மேடம்," என்றார் லிங்கசாமி. "கோடை காலத்துல என்னை நம்பவே நம்பாதீங்க. அதனால சட்டம் என்ன ஒசரம் சொல்லுதோ அதையே வெச்சு, நான் நல்லவனா இருக்கறப்பவே சிமெண்டுல கட்ட வெச்சுருங்க."

"எனக்கும் சேத்துத்தானுங்க மேடம்," என்றார் கன்னையன்.